மணமுறிவுக்குப் பின் குழந்தையுடன் வெளிநாடு செல்வோருக்கு

குழந்தையின் தடுப்பூசி விவரங்களை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி கேட்டு எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்குப் பெற்றோர் வருவதுண்டு. வெளிநாட்டுப் பள்ளிகள் அதைக் கேட்கின்றன. அவ்வாறு வருவோரில் சிலர் தனியாக வருகின்றனர்: சிங்கப்பூரில் வேலை உறுதியான அம்பத்தூர் மென்பொருள் பணியாளர், இங்கிலாந்துக்குச் செல்லவிருக்கும் ஆவடிச் செவிலியர், கனடாவில் உள்ள அண்ணன் வீட்டின் அருகே புதிதாக வாழ்க்கையைத் தொடங்க எண்ணும் பூந்தமல்லித் தாய். சான்றை வாங்கிய பின் தணிந்த குரலில் அவர்கள் கேட்கும் கேள்வி ஏறத்தாழ ஒன்றே. "விவாகரத்து ஆகிவிட்டது, பிள்ளையை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். அவன் அப்பாவிடம் சொல்லாமல் அழைத்துப் போய்விடலாமா?"

கூடாது என்பதே விடை. சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. குழந்தையின் உடலும் மனமும் அதைத் தாங்குவதும் அரிது. ஆனால், சொல்லிவிட்டு, இங்கே தங்கிவிடும் பெற்றோருடன் குழந்தையின் உறவு எவ்வாறு தொடரும் என்பதற்கு ஒரு தெளிவான திட்டத்தை வகுத்துக்கொண்டு செல்வதற்கு வழி உண்டு. இந்தக் கட்டுரை அந்தத் திட்டத்தைப் பற்றியது. தந்தையிடம் குழந்தை வளரும் குடும்பங்களும் உள்ளன; 'தாய்' என்று எழுதும் இடங்களில் அவர்கள் 'தந்தை' என்று மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

வளர்க்கும் பொறுப்பும் வெளியே அழைத்துச் செல்லும் அனுமதியும்

குழந்தையை வளர்க்கும் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டால், அக்குழந்தையை எங்கு வேண்டுமானாலும் அழைத்துச் செல்லும் அனுமதியும் அதனுடன் வந்துவிடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பாளுகைக்குட்பட்டோர் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொதுவானது. நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர், அந்த நீதிமன்றத்தின் அனுமதி பெறாமல் குழந்தையை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுசெல்லக் கூடாது என்று அதன் 26ஆம் பிரிவு கூறுகிறது. இந்து திருமணச் சட்டத்திலும் குழந்தைகள் பற்றிய பிரிவின் எண் 26 ஆகவே அமைந்திருப்பது தற்செயல். குழந்தை தொடர்பான உத்தரவுகளை, மணமுறிவு முடிந்த பின்னரும், தேவைக்கேற்ப மாற்றியமைக்க அப்பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. இந்த இரண்டாவது செய்தியே பெற்றோருக்கு நம்பிக்கை தருவது. சென்னையிலிருந்து சென்ற வழக்கொன்றில் 1973ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இக்கருத்தை உறுதிப்படுத்தியது: குழந்தைப் பொறுப்பு பற்றிய உத்தரவுகள் நிலையானவை அல்ல, குழந்தை வளர வளர அவையும் மாறலாம்.

இருவரும் ஒப்பிப் பெற்ற மணமுறிவில் எழுதப்படும் நிபந்தனைகள் பெரும்பாலும் சுருக்கமானவை. குழந்தை தாயிடம் இருக்கும், மாதத்தில் இரு ஞாயிற்றுக்கிழமைகளில் தந்தை பார்ப்பார் என்ற அளவில் அவை நின்றுவிடும். டொராண்டோவில் இருக்கும் குழந்தையை ஆவடியில் இருக்கும் தந்தை ஞாயிறுதோறும் பார்க்க இயலாது. எனவே, எந்தத் தடையும் வெளிப்படையாக எழுதப்படாவிட்டாலும், குழந்தையை அழைத்துச் செல்வது அந்த உத்தரவை மீறுவதாகிவிடும். முன்பு உத்தரவு அளித்த நீதிமன்றத்தில் அதை மாற்றியமைக்கக் கோரி மனு செய்வதே முறை. மற்றவர் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டாலும், அந்த ஒப்புதலை நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். வழக்கறிஞருக்குச் செலவழிக்க இயலாதோர் தயங்க வேண்டா. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். நீதிமன்ற வளாகங்களில் இயங்கும் சட்டப்பணிகள் குழுவை நேரில் அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

நீதிமன்றங்கள் எதைப் பார்த்தன?

2010 மார்ச் மாதத்தில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த வழக்கு இப்பொருளுக்கு மிக நெருக்கமானது. டெல்லியில் இருவரும் ஒப்பி மணமுறிவு பெற்றிருந்தனர். மகன் தாயிடம் வளர்ந்தான். தாய்க்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது. தந்தை எதிர்த்தார். நீதிபதிகள் சிறுவனைத் தங்கள் அறைக்கு அழைத்துப் பேசினர்; தாயுடன் இருக்கவே அவன் விரும்பினான். தாய் தன் தொழில்வாழ்க்கையை அமைத்துக்கொள்ளும் உரிமையையும் தந்தை மகனைக் காணும் உரிமையையும் ஒருங்கே எடைபோட்டு, குழந்தையின் நலனையே முதன்மையாகக் கொண்டு நீதிமன்றம் அனுமதி அளித்தது. தந்தை மகனைச் சந்திப்பதற்கான ஏற்பாடும் அதனுடன் சேர்ந்தே வந்தது.

பத்தாண்டுக்குப் பின், 2020 அக்டோபரில், பெங்களூரில் பிரிந்து வாழ்ந்த தாய் ஒருவர் பணி காரணமாகச் சிங்கப்பூர் செல்ல வேண்டியிருந்தபோதும் குழந்தையை உடன் அழைத்துச் செல்ல உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அங்கும் தந்தையுடன் காணொளிப் பேச்சும் விடுமுறைச் சந்திப்பும் உறுதிசெய்யப்பட்டன. அதே ஆண்டின் சனவரியில் வேறொரு வழக்கில், நேரில் சந்திக்கும் உரிமைக்கு அப்பால், தொலைபேசியிலும் காணொளியிலும் தொடர்புகொள்ளும் உரிமையும் பிரிந்து வாழும் பெற்றோருக்கு உண்டு என்று நீதிமன்றம் விளக்கியது. ஆக, தந்தையை ஒதுக்கிவைக்கும் மனுவைவிட அவருக்கு உரிய இடத்தைத் தெளிவாகக் காட்டும் மனுவே வலுவானது என்பது எங்கள் கருத்து.

மறுபுறமும் உண்டு. அமெரிக்காவில் பிறந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனை 2007இல் அவன் தாய் இந்தியாவுக்கு அழைத்து வந்துவிட்டார். தந்தை உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு செய்தார். பல மாநிலக் காவல் துறையினர் தேடியும் கிடைக்காத நிலையில், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான பின், மத்தியப் புலனாய்வுத் துறை அச்சிறுவனைக் கண்டறிந்தது, சென்னையில். 2009 நவம்பரில் அவனை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்ப உத்தரவிடப்பட்டது. ஊர் மாறி, பள்ளி மாறிக் கழிந்த அந்த இரண்டு ஆண்டுகளை ஐந்து முதல் ஏழு வயது வரையிலான ஒரு பிள்ளையின் கண்கொண்டு எண்ணிப் பாருங்கள். எந்தப் பெற்றோர் சரி, எவர் தவறு என்பது இங்கு எங்கள் கேள்வி அன்று.

கோயம்புத்தூரைச் சார்ந்த குடும்பம் ஒன்றின் வழக்கில், 2015இல் உச்ச நீதிமன்றம் இரு பெண் குழந்தைகளைப் பிரிட்டனுக்கு அனுப்பும்படி கூறியது. 2017இல் வேறொரு வழக்கில் அந்த அணுகுமுறையிலிருந்து விலகி, வெளிநாட்டு நீதிமன்ற உத்தரவு எவ்வாறிருந்தாலும் குழந்தையின் நலனை இந்திய நீதிமன்றம் தானே ஆராய வேண்டும் என்றது. குழந்தைகளை நாடுவிட்டு நாடு கடத்துவது குறித்த 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. இலங்கையும் சிங்கப்பூரும் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் கனடாவும் சேர்ந்துள்ளன. இதன் நடைமுறைப் பொருள் இருவருக்கும் கடினமானது. சொல்லாமல் அழைத்துச் சென்றால், இங்குள்ள தந்தை அந்நாட்டில் குழந்தையை மீட்க நேரான வழி எதுவும் இல்லை. ஆகவேதான் இந்திய நீதிமன்றங்கள் புறப்படும் முன்பே உறுதிமொழிகளைக் கேட்கின்றன. சில வழக்குகளில் இங்குள்ள உத்தரவை அந்நாட்டு நீதிமன்றத்திலும் பதிவு செய்து வரச் சொல்கின்றன. இதைப் பிரதிபலிப்பு ஆணை என்பர். கென்யாவுக்கு ஒரு குழந்தையை அனுப்பிய வழக்கில் அந்த ஏற்பாட்டில் மோசடி நடந்ததாகக் கண்ட உச்ச நீதிமன்றம், 2021 அக்டோபரில் தன் முந்தைய உத்தரவையே திரும்பப் பெற்றது.

இன்னொன்றையும் கூறவேண்டும். அந்த நாட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்த பின் குழந்தையின் வழக்கமான இருப்பிடம் அதுவாகிவிடும். பிறகு எழும் பிணக்குகளை அந்நாட்டு நீதிமன்றம் விசாரிக்கக்கூடும். பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாம் என்ற எண்ணம், மற்றவரும் அதே நாட்டுக்கு வந்துவிட்டால் அவ்வளவு எளிதில் நிறைவேறாது.

தாள்களில் வரும் தடைகள்

குழந்தையின் கடவுச்சீட்டுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் உறுதிமொழி 'இணைப்பு டி' எனப்படும். ஒருவரின் இசைவு கிடைக்காதபோது மற்றவர் காரணத்தை விளக்கி அளிப்பது 'இணைப்பு சி'. 2016 டிசம்பரில் வந்த மாற்றங்களின்படி, விண்ணப்பத்தில் தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் இருந்தால் போதும். வழக்கு நிலுவையில் இருந்தால் அதை மறைக்காதீர்கள். குழந்தையின் கடவுச்சீட்டு 5 ஆண்டுகளுக்கோ 18 வயது வரையோ, எது முந்தியதோ அதுவரை மட்டுமே செல்லும். வெளிநாட்டிலிருந்து புதுப்பிக்கும்போதும் மற்றவரின் கையெழுத்துத் தேவைப்படலாம் என்பதால், அதையும் இப்போதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுவது நல்லது.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: தலைப்பெழுத்து. நம் பிள்ளைகளின் பெயரில் குடும்பப் பெயர் என்று எதுவும் இல்லை. கடவுச்சீட்டில் அந்த இடத்தைத் தந்தையின் பெயர் நிரப்புகிறது. தாயின் கடவுச்சீட்டில் அவருடைய தந்தையின் பெயரோ முன்னாள் கணவரின் பெயரோ இருக்கும். விமான நிலையத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு இவர்கள் தாயும் மகளும் என்பது விளங்குவதில்லை. பிறப்புச் சான்று, மணமுறிவுத் தீர்ப்பு, நீதிமன்ற அனுமதி ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்களைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

விசா விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும், அடிக்கடி மாறும். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையை அழைத்துச் செல்கையில், வளர்ப்பின் முழுப் பொறுப்பும் தம்முடையது என்பதற்குப் பிரிட்டன் சான்று கேட்கும். எங்கள் பகுதிச் செவிலியருக்கும் உதவியாளருக்கும் ஒரு எச்சரிக்கை: முதியோர் இல்லங்களில் பராமரிப்புப் பணிக்குச் செல்வோர் குழந்தைகளை உடன் அழைத்து வருவதைப் பிரிட்டன் 2024 மார்ச்சில் நிறுத்தியது, 2025 சூலையில் அப்பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டது. "முதலில் நீங்கள் போங்கள், பிள்ளை பின்னால் வரும்" என்று கூறும் தரகரிடம் பணம் கட்டும் முன் விதியை நீங்களே படித்துப் பாருங்கள்.

மருத்துவமனையில் செய்துகொள்ள வேண்டியவை

புறப்படுவதற்கு 4 மாதங்களுக்கு முன் வாருங்கள். இவ்வளவு முன்னதாகவா என்று கேட்போர் உண்டு. காரணம் தடுப்பூசிகளின் இடைவெளி. அரசின் தேசிய அட்டவணையில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி உண்டு. பொன்னுக்கு வீங்கிக்கான ஊசி இல்லை. சின்னம்மை ஊசியும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லா ஊசியும் ஒழுங்காகப் போட்ட குழந்தைக்கும் அமெரிக்கப் பள்ளி கேட்கும் ஊசிகளில் சில விடுபட்டிருக்கும். 12 வயது வரையுள்ளோருக்குச் சின்னம்மை ஊசியின் இரு தவணைகளுக்கு இடையே 3 மாதம் விட வேண்டும். கடைசி வாரத்தில் வந்தால் முதல் தவணையை மட்டுமே போட முடியும். தாய் சேய் நல அட்டை முன்னாள் கணவர் வீட்டில் இருப்பதாகப் பலர் கூறுவதால், ஊசி போட்ட நிலையத்திலேயே பதிவேட்டைக் கேட்டுப் பெறுவது நலம்.

பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு குழந்தையின் இடது தோளில் இருக்கும். அவ்வூசியை வழக்கமாகப் போடாத நாடுகளில், காசநோய்க்கான தோல் பரிசோதனை செய்து, சற்றுத் தடித்தால் அச்சப்படுவர். பி.சி.ஜி. போட்டவர்களுக்கும் அவ்வாறு தடிக்கலாம். சான்றைக் காட்டி, அதற்குப் பதிலாகக் குருதிப் பரிசோதனை செய்யும்படி கேளுங்கள். 6 மாதத்துக்கு மேல் தங்கப் பிரிட்டன் செல்வோர், அந்நாடு ஏற்றுக்கொண்ட மருத்துவ நிலையத்தில் காசநோய்ச் சான்று பெற வேண்டும். எங்கள் மருத்துவர் எழுதும் கடிதம் அதற்குப் பயன்படாது.

மருத்துவப் பதிவேடுகளை மருத்துவர் 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் 2002ஆம் ஆண்டு முதல் உள்ள விதி. 3 ஆண்டு கடந்தவை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வலிப்பு, ஆஸ்துமா, இதயக் குறை உள்ள குழந்தை என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மருந்துச் சீட்டில் வணிகப் பெயருடன் மருந்தின் பொதுப் பெயரும் இருக்கட்டும். இங்குள்ள வணிகப் பெயர் அங்குள்ள மருந்தாளுநருக்குத் தெரியாது.

பெரும்பாலோர் எண்ணிப் பார்க்காத ஒன்று குடும்ப நோய் வரலாறு. குழந்தையின் குடும்ப வரலாற்றில் பாதி தந்தை வழியில் வருகிறது. அப்பக்கத்தில் யாருக்கேனும் இளவயதில் மாரடைப்பு வந்ததா, மயக்க மருந்தால் சிக்கல் நேர்ந்ததா, வலிப்பு உண்டா, குருதிக் குறைபாடு உண்டா? அயல்நாட்டில் நள்ளிரவு அவசரப் பிரிவில் மருத்துவர் இவற்றைக் கேட்கும்போது, முன்னாள் கணவரின் எண்ணைத் தடைசெய்து வைத்திருக்கும் தாய்க்குப் பதில் தெரியாது. இரு வீட்டாரின் நோய் வரலாற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் கேட்க மனமில்லாவிட்டால் எங்கள் மருத்துவச் சமூகப் பணியாளர் வழியாகக் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் எங்களிடம் கேட்காதீர்கள். "அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தால் குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது என்று எழுதித் தாருங்கள்" என்பது போன்ற கடிதம். மருத்துவர் தாம் கண்டதையும் அளந்ததையும் மட்டுமே எழுதுவார். குழந்தைக்குத் தீங்கு நேர்கிறது என்ற ஐயம் உண்மையிலேயே இருந்தால் அது வேறு. அதை உடனே கூறுங்கள், 1098 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம்.

குழந்தையிடம் எப்போது, எவ்வாறு சொல்வது?

விடுமுறைக்குப் போகிறோம் என்று பொய் கூறி விமானம் ஏற்றுவதைவிடத் தீங்கானது வேறில்லை. சில வாரங்களில் குழந்தை அதை அறிந்துகொள்ளும். பிறகு தாய் கூறும் எதையும் நம்பாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் காலக் கணக்கு விளங்காது என்பதால் இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன் சொன்னால் போதும். பள்ளிப் பருவத்தினருக்கு நண்பர்களிடம் விடைபெறவும், வகுப்பை முடிக்கவும் சில மாதங்கள் வேண்டும். பதின்ம வயதினரிடம் முடிவெடுத்த பின் அறிவிப்பதைவிட, முடிவெடுக்கும் முன் கருத்துக் கேட்பதே தகும். தன் விருப்பத்தைத் தானே உணர்ந்து கூறும் வயதுடைய குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றமும் கருத்தில் கொள்ளலாம் என்று 1890ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. கேட்பது வேறு, அம்மாவா அப்பாவா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வது வேறு. பின்னதைச் செய்யாதீர்கள்.

நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, பள்ளி நாட்களின் காலையில் மட்டும் வயிற்றுவலி, உறக்கத்தில் விழித்தழுவது, வழக்கத்துக்கு மாறான அடக்கம் ஆகியவற்றைப் பெற்றோர் சூழ்ச்சி என்றோ மற்றவரின் தூண்டுதல் என்றோ எண்ணிவிடுகின்றனர். மாற்றத்தின்போது இவை இயல்பாக வருவன. பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். தணியாவிட்டால், பசியோ படிப்போ குறைந்தால், அல்லது தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் பேச்சு எழுந்தால், புறப்படும் நாள் நெருங்கிவிட்டது என்று காத்திராமல் அழைத்து வாருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

அழைப்பு நேரம்

"வாரம் மூன்று முறை காணொளியில் பேசலாம்" என்று உத்தரவில் எழுதுவது எளிது. கடிகாரத்தையும் சேர்த்து எழுத வேண்டும். டொராண்டோவில் பள்ளி முடிந்து மாலை 5 மணிக்குக் குழந்தை பேச அமர்ந்தால், ஆவடியில் கோடையில் அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. அதற்குப் பதில் அங்குக் காலை 7 மணி என்றால் இங்கு மாலை 4.30 அல்லது 5.30, பகல் ஷிப்ட் முடித்து வரும் தந்தைக்கு அது ஒத்துவரும். இலண்டனின் மாலை 5 மணி இங்கு இரவு 9.30 அல்லது 10.30. சிங்கப்பூருக்கும் நமக்கும் ஆண்டு முழுவதும் இரண்டரை மணி நேரமே வேறுபாடு என்பதால் அங்குச் செல்லும் குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. சிறு குழந்தை திரை முன் அரை மணி நேரம் அமராது. பத்து நிமிடம் கதை படிப்பதும், வரைந்ததைக் காட்டுவதும் போதும். தாய் அருகில் அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தால் குழந்தை பேசாது.

தாத்தா பாட்டியை மறந்துவிடாதீர்கள். மணமுறிவுக்குப் பின் பள்ளி வாசலில் காத்திருந்து குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்தவர்கள் பல குடும்பங்களில் அவர்களே. குழந்தையின் பொறுப்பு பற்றிய சட்டங்களை ஆராய்ந்து 2015 மே மாதம் சட்ட ஆணையம் அளித்த 257ஆம் அறிக்கை, பெற்றோர் இடம்பெயர்வதைப் பற்றிப் பேசியதோடு, தாத்தா பாட்டியுடன் குழந்தை கழிக்கும் நேரத்தையும் தனியே குறிப்பிட்டது. இரு பக்கத்துப் பெரியவர்களுக்கும் அழைப்பு நாளை ஒதுக்குங்கள்.

இங்கே தங்கிவிடும் பெற்றோருக்கும் சில சொற்கள். ஒப்புதல் தரும் முன் புதிய பள்ளியின் பெயர், குழந்தையைப் பார்க்கப்போகும் மருத்துவரின் பெயர், வீட்டு முகவரி, விடுமுறையில் வருவதற்கான விமானச் செலவை யார் ஏற்பது என்பவற்றை எழுதி வாங்குங்கள். பள்ளி அறிக்கையும் மருத்துவ அறிக்கையும் உங்களுக்கும் நேரடியாக வர வேண்டும் என்று கேளுங்கள். குழந்தையின் இதுவரையிலான மருத்துவக் கோப்பின் நகலை எங்களிடம் நீங்களும் விண்ணப்பித்துப் பெறலாம். பெற்றோர் என்பதற்கான சான்றும், நீதிமன்ற உத்தரவு இருப்பின் அதன் நகலும் கொண்டு வாருங்கள்.